பிச்சைமணியின் நற்குணங்கள்

தென்காசியில் எங்கள் பக்கம் இரங்கல் கூட்டம் என்றால் என்னைத்தான் பேசக் கூப்பிடுவார்கள். பிச்சைமணி நினைவில்லாமல் கிடக்கிறான், பிழைக்கமாட்டான் என்று கேள்விப்பட்டதும் தயாராகத் தொடங்கிவிட்டேன்.

அவன் கஞ்சன், புகழ ஒன்றும் அகப்படவில்லை. கோடையில் தெருவுக்கே கிணற்றைத் திறந்துவிட்டான், பண்பொழிக்கு நடந்துபோகிற பக்தர்களுக்கு மோர் ஊற்றினான் என்று நானே சேர்த்தேன். மனசு உறுத்தத்தான் செய்தது.

வீட்டில் பேசிப் பார்த்தேன்.

"யாரு, நம்ம பிச்சைமணியா?" என்று மனைவி சிரித்தாள்.

குற்றாலத்துக்குப் போனால் அருவிச் சத்தம். கடைசியில் ஓர் அமைதியான இடம் பிடித்து, கண்ணீர் வருமளவு பழகினேன்.

பிச்சைமணி பிழைத்துவிட்டான். சந்தோஷத்துக்கு முன்னால், பேச்சு வீணாயிற்றே என்ற வருத்தம்தான் வந்தது. பாவம்தான்.

வீடு திரும்பியவனைப் பார்க்கப் போனேன். அவன் கிணற்றடியில் தெருப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

"அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில என் கட்டில் பக்கத்துல நின்னு பேசுனீயளே, எல்லாம் காதுல விழுந்துச்சு."

நான் திரும்பிக் கிணற்றடியைப் பார்த்தேன்.

"நான் செய்யாததையெல்லாம் சொன்னீய. வெக்கமாப் போச்சு. கெணத்தத் தெறந்தாச்சு, மோருக்குப் பானையும் வாங்கியாச்சு. அன்னைக்கு மோர் வரைக்குந்தான் கேட்டேன், அதுக்குள்ள திரும்பவும் மயங்கிட்டேன். பெறகு நான் என்னவெல்லாம் செஞ்சேன், சொல்லுங்க அண்ணாச்சி."