பாட்டிலில் இருந்த பெயர்

அமெரிக்காவில் தன் மகனோடு பழகியவன் என்பதால், உதயசூரியனைக் கறம்பக்குடி ரகுநாத் தன் வீட்டு மாடியில் உட்கார வைத்து உபசரித்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் நான்கு பேரையும் கூப்பிட்டிருந்தார்.

உதயசூரியன் தான் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்தான். “போர்பன் விஸ்கிங்க. பதினஞ்சு வருசம் பீப்பாயில ஊறுனது. சொட்டுத் தண்ணி கலக்காம அப்படியே அடைச்சிருக்கு.”

ரகுநாத் ஒரு மிடறு விழுங்கினார். தொண்டை எரிந்ததை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. “இதுல்ல சரக்கு. பரம்பரையா காய்ச்சுற வெள்ளைக்காரன் கைப்பக்குவம் நாக்குலயே தெரியுதுய்யா” என்று நண்பர்களிடம் சொன்னார்.

உதயசூரியன் அவருடைய கிளாஸை மறுபடி நிரப்பினான்.

ரகுநாத் பாட்டிலைத் தூக்கி, இங்கிலீஷில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டினார். “ஓல்டு ரேசு. யாரு தம்பி இந்தத் துரை? அவரு கையைத் தொட்டுக் கும்புடணும்.” சொல்லிவிட்டு வாய் நிறைய ஊற்றிக்கொண்டார்.

“ரேசு இல்லீங்க, ராசு. காய்ச்சுனது நான். பேரு எங்கப்பாவோடது, நாகராசு. சாராயம் காய்ச்சுனாருன்னு உங்க தோப்பு மரத்துல கட்டி வச்சு, செருப்பால அடிச்சு, ஊரை விட்டே தொரத்துனீங்களே, அவருதான்.”

நண்பர்கள் நான்கு பேரும் ரகுநாத்தின் முகத்தையே பார்த்தார்கள். வாயில் இருந்ததை அவரால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கண்களில் நீர் முட்டியது.

அவர் விழுங்கி முடிக்கும்வரை உதயசூரியன் எழுந்திருக்கவில்லை.