பதினான்காம் எண் கத்தி

அவன் வாயைத் திறந்தான்.

“அப்படியே நிறுத்து தம்பி!” கடைக்காரர் தணிகாசலம், போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை நீட்டினார்.

அவன் சொல்ல வந்தது, கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த ஒரே வரி. சார், நான் நாலரை வருஷம் ஜெயில்ல இருந்தவன்.

ஆறு கடைகளில் சொல்லியாயிற்று. ஆறு பேரும் ‘கூப்பிடுகிறோம்’ என்றார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை.

இது ஏழாவது. காரில் போகிற தூரத்தில் எட்டாவது இட்லிக் கடை கிடையாது.

தணிகாசலம் சுவரைக் காட்டினார். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், லேமினேட் செய்த கலிஃபோர்னியாச் சட்டம். மாலை சட்டத்துக்குத்தான் போட்டிருந்தது.

“வேலை தர்றேன்னு சொல்ற வரைக்கும் பழைய கேசு பத்தி நான் கேக்கக் கூடாது. கேக்கவும் மாட்டேன். ஓட்டல்காரங்க சங்கத்துல நான் துணைச் செயலாளர்!”

மூன்று பேர் உள்ள சங்கம்.

“நீங்க கேக்கல சார். நானாத்தான்…”

“நீ சொல்லி என் காதுல விழுந்தாலும் கேட்ட மாதிரிதான். மாட்டிவிடாதே சாமி. முதல்ல வெங்காயம் நறுக்கு, கையைப் பாப்போம்.”

ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நறுக்கினான்.

ஒரு கூடை வெங்காயம். ஒரே அளவு.

கத்தியைக் கழுவினான். துடைத்தான். பிடி வெளியே தெரிய மேடையில் வைத்தான்.

“நம்பர் ஃபோர்ட்டீன், இன்!”

கத்தியது தான்தான் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று.

அங்கே, ஜெயிலில், ஒவ்வொரு கத்திக்கும் ஓர் எண். திருப்பி வைக்கிறவன் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். எல்லா எண்ணும் வந்து சேர்ந்தால்தான் சமையல்கட்டின் கதவு திறக்கும்.

இந்தக் கடைக் கத்தியில் எண்ணே கிடையாது.

ஏழாவதும் போயிற்று.

ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தான்.

எதிர் மேடையில் இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த தணிகாசலம் நிமிரவில்லை.

“அதை எதுக்குக் கழட்டறே? தக்காளியை யாரு, உங்க மாமனாரா வந்து நறுக்குவாரு? வேலை உனக்குத்தான். நாளைக்குக் காலைல ஆறு மணி.”

அவன் முடிச்சைத் திரும்பக் கட்டினான்.

“சார், இப்பவாவது நான்…”

தணிகாசலம் இஞ்சியை ஒதுக்கினார். தன் கத்தியைக் கழுவினார். துடைத்தார். பிடி வெளியே தெரிய, அவன் கத்தியை ஒட்டி வைத்தார்.

சட்டத்தைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார்.

“நம்பர் நைன்,” என்றார், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். “இன்.”