திங்கட்கிழமை வருவேன்

“நாட்டின் வளர்ச்சியே உங்கள் மெயில் வேகத்தில் இருக்கிறது! இன்றே எல்லாவற்றையும் ஃபோல்டர்களாகப் பிரியுங்கள்!” என்று முழங்கினார் லுசாகா அலுவலக இயக்குநர்.

மெயில் திறக்க நேரமாகிறதென்று நமோண்டாவின் கணினியைக் குடைந்த டெக்னீஷியன் கபாசோ மிரண்டான்.

“அக்கா, இங்கேயே வேலை பார்த்த உங்க வீட்டுக்காரர் முபிதா அண்ணன் தவறி ஒரு வருஷமாச்சே! இன்னைக்குக் காலையிலகூட அவர் மெயில் வந்திருக்கு!”

“அந்த ஃபோல்டரை மட்டும் தொடாதேப்பா.”

தொட்டுவிட்டான். முந்நூறு மெயிலிலும் ஒரே வரி: ‘விடுப்பில் இருக்கிறேன். திங்கட்கிழமை வருவேன்.’

“தினமும் நான் ‘வந்துட்டேன்’னு அனுப்புவேன். அது தானா பதில் போடும்” என்றாள் நமோண்டா.

“அவர் கணக்கை யாருமே மூடலையா?”

“மூடணும்னா அவரே கையெழுத்துப் போடணுமாம்.”

பின்னால் நின்ற இயக்குநர், “அட, நான் போடறேன்!” என்று பெருந்தன்மையோடு பேனாவை எடுத்தார்.

மறுநாள் மெயில் சட்டென்று திறந்தது. அந்த ஃபோல்டரில் புதிதாக எதுவும் வரவில்லை.