எந்தக் கேமரா வாங்கலாம்?

ஏரிச் சேற்றில் குனிந்தே கையால் இறால் தடவிப் பிடித்ததில் ஜமுனாவுக்கு இடுப்பு விட்டுப்போனது. மீனவர் சங்கத்துத் தாமோதரன் பக்கத்தில் நின்று, தண்ணீரில் நனைந்தாலும் கெடாத சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்த சிவப்பு, கறுப்புக் கேமராக்கள் இரண்டிலும் அவளை மாற்றி மாற்றிப் படமெடுத்தான்.

“எத வாங்கலாம், நீயே சொல்லு. இன்னிக்குக் கூலிய நான் தந்துடறேன். கையால புடிக்கிறவங்களுக்கும் ஏரியில பாத்தியதை உண்டுனு கலெக்டருக்குக் காட்டணும்.”

இரண்டிலும் எடுத்த படங்களைப் பார்த்தாள். “செவப்புல ஆவி படியுதுண்ணா. கறுப்புல சேறு கலங்கினாலும் மூஞ்சி தெரியுது.”

“இன்னும் கொஞ்சம் உள்ள போ. அந்தக் கழி நட்ட எடத்துக்கு.”

“அது உங்க ஊரு பாடாச்சே. சீட்டு குலுக்கி உங்காளுங்க வலை போடுற எடம். நாங்க கால் வெக்கக் கூடாதே.”

“நான் சொல்றேன்ல. அங்கதான் வெளிச்சம் நல்லாருக்கு.”

போனாள்.

வெள்ளிக்கிழமை தாமோதரனின் ஊர்க்கூட்டத்துக்கு ஜமுனாவை அழைத்தார்கள். அவன் கறுப்புக் கேமராவைச் சுற்றுக்கு விட்டான்.

“நம்ம எல்லையில பூந்து இறால் திருடறது யாருன்னு பாருங்க.”

“நீதானேண்ணா போவச் சொன்ன?”

“படத்துல நீ மட்டும்தானே இருக்கற?”

ஜமுனா இனி ஏரியில் இறங்கக் கூடாது என்று கூட்டம் முடிவு செய்தது.

கேமரா பார்த்துக் கொடுத்த அன்றைய கூலியைத் தாமோதரன் இன்னும் தரவில்லை.