கைச்சூடு

ஏழாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபா. கொழும்புக்குப் போய்வந்த வான் கூலியில் யூட்டுக்கு நான் கொடுக்க வேண்டிய மிச்சம்.

மூன்று கிழமையாக மழை. உப்பளத்தில் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் காசு வராவிட்டால் மனுசி அல்பொன்சாவின் தையல் மெசினை விற்பதென்று இருந்தேன். வீட்டில் விற்க வேறொன்றும் இல்லை.

யூட் வான் ஓட்டுகிறவன். ஹயர் இல்லாத நாட்களில் கிட்டாருக்குப் பெடல் செய்து கொழும்பில் விற்பான். பழைய ரேடியோக்களை உடைத்து நான் சேர்த்த டிரான்சிஸ்டர்கள் ஒரு டின்னில் கிடந்தன.

"ஒரே அளவில ஒரு சோடி எடுத்துத் தாங்கண்ணன், கணக்க வெட்டி விடுறன். கலியாணம் பேசுற வேலதான், உங்களுக்கென்ன!" என்று சிரித்தான்.

அந்தப் பெடல் கிட்டாரின் சத்தத்தை இரண்டாக்கி, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடி சேர்க்குமாம். இரண்டு டிரான்சிஸ்டரும் ஒரே பலத்தில் இருந்தால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கிளம்பும். இல்லாவிட்டால் வெறும் கரகரப்பு.

யூட் வீட்டு மேசையில் இருந்த மீற்றரில் மூன்று சின்னத் துளைகள். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் செருகினால் அதன் பலம் எண்ணாக வரும். சாவணத்தால்தான் எடுக்க வேண்டும். கை பட்டால் அந்தச் சூட்டுக்கே எண் ஏறிவிடும். முதல் நாளே யூட் சொல்லித் தந்தது அது.

96. 141. 203. 118.

ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழுதினேன். எழுத்தும் எண்ணும் நாற்பது வயதுக்கு மேல் பழகியவை. என் எட்டு இன்னும் கோணல்தான்.

காலையில் ஒன்று 187 காட்டியது. மத்தியானம் கழிந்தும் அதற்குச் சோடி கிடைக்கவில்லை.

டின்னில் கடைசி ஒன்று. செருகினேன்.

179.

யூட் மேசைக்கு அந்தப் பக்கம் குனிந்து ஏதோ வயர் சீவிக்கொண்டிருந்தான்.

சாவணத்தைக் கீழே வைத்தேன். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் டிரான்சிஸ்டரின் தலையைப் பிடித்தேன்.

உப்பு தின்ற விரல்கள். தோல் ஓடு மாதிரிக் காய்ந்திருந்தது. சூடு மெல்லத்தான் இறங்கியது.

180. 182.

இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

185.

நிமிர்ந்தபோது யூட் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விரலை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

187.

யூட் மீற்றரைப் பார்க்கவே இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சோடி சரிதான் அண்ணன். கணக்கு முடிஞ்சுது. நீங்க வீட்ட போங்க."

கொப்பியைத் திறந்து, நிக்கொலஸ் என்று எழுதியிருந்த இடத்தில் கோடு இழுத்தான்.

விரலை எடுத்தேன். எண் இறங்கத் தொடங்கியது. அதை இருவருமே பார்க்கவில்லை.

படலையைத் திறக்கும்போதுதான் நினைவு வந்தது. அவன் அப்படி முகத்தைத் திருப்பியதை முன்பும் ஒருமுறை கண்டிருக்கிறேன். கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று, வானின் கண்ணாடியில்.

பெட்டியின் மூடியை விலக்கி, அல்பொன்சாவின் கையை என் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்திருந்தேன். கொழும்பிலிருந்து எங்கள் ஊர் எத்தாளை வரைக்கும் பிடித்திருந்தேன்.

சூடு ஏறவே இல்லை.