பேஸ் கிட்டாரின் முறை

பயிற்சி அறையின் சன்னலில் நான்கு மணி வெயில் நிற்கிறது. கீபோர்டுக்காரர் அதே நான்கு கார்டுகளை, பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டுகளை, திரும்பத் திரும்ப வாசிக்கிறார். அவற்றின் மேல் பேஸ் கிட்டாரில் டிரம்ஸ்காரனின் தங்கை தன் கற்பனையில் ஏதாவது வாசிக்க வேண்டும். அவளோ கார்டு மாறும்போதெல்லாம் ஓடிப்போய் அதன் அடிச்சுரத்தையே மீட்டுகிறாள். ஆறு வருடமாகப் பாட்டைக் கீழிருந்து தாங்கிய விரல்கள். தாங்கள் விலகினால் எல்லாம் சரிந்துவிடும் என்று நம்புகின்றன. “நீ என்ன பாப்பா, வாட்ச்மேனா? எடத்த விட்டு நகர மாட்டேங்கிற,” என்கிறான் டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன். பிறகு சிரிப்பு போய்விடுகிறது. “இதான் கடைசி. இதுவும் வரலன்னா நாளைக்கு மேடையில அவர்தான்.” கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேறொரு பேஸ்காரர் தன் கிட்டார் பையின் ஜிப்பைத் திறக்கிறார். “நான் விட்டா கீழ காலியாயிடுதுண்ணா.” அவள் குரல் உடைகிறது. “ஆகட்டுமே. நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?” குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணுகிறான். முதல் கார்டு. அவள் விரல் அடிச்சுரத்தின் மேலேயே நிற்கிறது, ஆனால் அழுத்தவில்லை. கம்பியில் வேர்வை பிசுபிசுக்கிறது. இரண்டாவது கார்டில் மேலே தாவுகிறாள். தப்பான சுரம். கீபோர்டுக்காரர் முகத்தைச் சுளிக்கிறார், கையை நிறுத்தவில்லை. அடியில் ஒன்றுமில்லாமல் பாட்டு ஆடுகிறது, விழவில்லை. மூன்றாவது கார்டு. கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. கண்களை இறுக மூடிக்கொண்டு, அழுதபடியே, அவள் இன்னும் மேலே போகிறாள்.