பின்னால் வந்த சிவப்பு வண்டி

"போச்சு! கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே சுவர்ல மோதறான். இவனுக்கா என் பொண்ணு?"

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஸ்டியரிங்கை விடாமலேயே கத்தினார். அலமாரி உயரத்துக்கு வீட்டுக் கூடத்தில் நின்ற ரேஸ் மெஷின், அவர் எடை தாங்காமல் முனகியது. திரையில் அவருடைய நீல வண்டி முன்னால் பறக்க, மேலே இருந்த சின்னக் கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு வண்டி தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தது.

மூடிப்போன ஒரு வீடியோ கேம் நிலையத்தில், ஒரே வயரில் பிணைந்து ஜோடியாக நின்ற மெஷின்கள் இரண்டு. ஒன்றை மகள் வாங்கினாள். மற்றதை அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையன் வாங்கி, நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் தன் வீட்டில் வைத்திருந்தான். இரண்டையும் இன்டர்நெட் வழியாக இணைத்துவிட்டால் அவரவர் வீட்டிலிருந்தே போட்டி போடலாம். அந்த வேலைக்குத்தான் காலையிலேயே மெக்கானிக் வந்திருந்தார்.

கல்யாணப் பேச்சு காதில் விழுந்த அன்றே வாத்தியார் ஒரே போடாகப் போட்டுவிட்டார். "படிப்பு, சம்பளம் எதுவும் எனக்கு வேண்டாம். என்கூட மூணு ரேஸ் ஓட்டட்டும். ஸ்டியரிங்கைத் தொட்டா மனுஷனோட யோக்கியதை வெளிய வந்துடும்." மகள் ரகசியமாகப் பாடம் எடுத்துவிடுவாள் என்று இன்றைக்கு அவள் போனையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முப்பது வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவன் ஓட்டுவதில் நொட்டை சொல்லியே வயிறு வளர்த்த மனிதர். அவர் கைக்கு ஸ்டியரிங் வந்ததே அபூர்வம்.

திரையில் இரண்டு வண்டியும் தெரிந்ததுமே ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டார். மெஷினுக்குப் பின்னால் படுத்துக்கிடந்த மெக்கானிக் தலையை நீட்டினார். "சார், நான் இன்னும்..."

"நீ பின்னால வயரைப் பாரு. முன்னால நடக்கறதை நான் பாத்துக்கறேன்."

மெக்கானிக் இன்னொரு தரம் வாயைத் திறந்தார். "எத்தனை தடவைய்யா சொல்றது?" என்று வாத்தியாரிடமிருந்து வசவு விழுந்தது. பெரிய மனுஷன் ஆடி முடிக்கட்டும் என்று அவர் ஸ்குரூ டிரைவரோடு மறுபடி படுத்துக்கொண்டார்.

"பச்சை விளக்கு போட்டு ரெண்டு செகண்டு கழிச்சுத்தான் கிளம்பறான் பாரு. சரியான தூங்குமூஞ்சி."

"அவர் அப்படி ஓட்டற ஆளே இல்லப்பா. நான் அவர் கார்ல போயிருக்கேன்."

"எப்பப் போன?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாவது ரேஸில், பாலத்து வளைவில் வாத்தியாரின் வண்டி மறுபடியும் போய்ச் சுவரில் உரசியது. "என்ன பெடல் செஞ்சிருக்கான், வழுக்குது!" என்று சீறி ஹாரனை ஓங்கி அமுக்கினார். வண்டியை நிமிர்த்துவதற்குள் சிவப்பு வண்டியும் அதே வளைவில் முட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது.

"கேட்டியா கூத்தை? மோதினது இவன், ஹாரன் சுவருக்கு! தான் தப்பு பண்ணிட்டுப் பழியை அடுத்தவன் தலையில போடற ஜாதி."

மூன்றிலும் ஜெயித்தவர், மாணவர்களுக்கு மார்க் போடும் தாளை வரவழைத்து முழங்காலில் வைத்து எழுதலானார். எழுத எழுத வாய்விட்டுப் படித்தார். "வளைவுல வேகத்தைக் குறைக்கலை, யார் பேச்சையும் கேக்காத திமிர். பிரேக்குன்னு ஒண்ணு இருக்கறதே தெரியலை, முன்கோபி. திறமை பூஜ்யம், அலட்டல் நூத்துக்கு நூறு."

"ஒரு விளையாட்டை வச்சா அவ வாழ்க்கையை முடிவு பண்றீங்க?" துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"உனக்கு என்ன தெரியும்? இவனைக் கட்டிக்கறவ ஆயுசு முழுக்கப் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கணும்."

மனைவியின் கை மடிப்பிலேயே நின்றது. "நிஜமாவா சொல்றீங்க?"

"எழுதித் தரேன். இப்படிப்பட்டவனுக்குப் பொண்ணைக் குடுக்கறவன் புத்தி கெட்டவன்." அடியில் பெரிதாக 'ஃபெயில்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தாளோடு சேர்த்து மகளிடம் நீட்டினார். "இந்தா, இப்பவே பேசி முடிச்சுக்கோ. இனிமே அந்தப் பேச்சே இந்த வீட்ல வரக் கூடாது."

மகள் போனையும் தாளையும் வாங்கினாள். கண்ணில் நீர் முட்டியதில் அவளுக்கு எண்களே தெரியவில்லை.

மெஷினுக்குப் பின்னாலிருந்து மெக்கானிக் ஊர்ந்து வெளியே வந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டார். "இப்பவாவது பேசலாமா சார்?"

"பேசித் தொலை."

"அந்தப் பக்கத்துக்கு நான் இன்னும் லைனே குடுக்கலை. இந்த மெஷின் சரியா அனுப்புதான்னு பாக்க, அனுப்பினதை இதுக்கே திருப்பி விட்டிருந்தேன். சிவப்பு வண்டியில வந்ததும் நீங்கதான் சார். ரெண்டு செகண்டு லேட்டா."

மகளின் கையிலிருந்த தாளைப் பிடுங்க வாத்தியார் எட்டினார், மனைவி முந்திக்கொண்டாள். அதை மேலிருந்து கீழ்வரை, கையெழுத்து உட்பட, நிதானமாகப் படித்தாள்.

"எங்கப்பாகிட்ட இந்த மெஷின் இல்லாமப் போச்சே!"